பாலத்தில் தூண்டில் போடுகிறவர்

1996 ஆகஸ்ட் 11, ஞாயிறு

விடியும்போதே மழை. தெஹியோவிட்டவில் பஸ் ஏறி, வழியில் மாறி, கடலுக்கு. "ஒரு தடவ வந்து பாத்துட்டு அப்புறம் திட்டு" என்று வீட்டுக்காரர் கெஞ்சியதால் போனேன். பார்த்தாயிற்று. இனித் திட்டலாம்.

ஆறு கடலில் விழுகிற இடம். மேலே பாலம். கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசையாய் ஆண்கள், ஆளுக்கொரு தூண்டில். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் லொறி போனால் பாலமே நடுங்குகிறது. அழுகின இறால் நாற்றம். உட்கார இடமில்லை. ஒரு பொம்பளைக்கு ஒதுங்க இடமில்லை. அது யாருக்கும் தோன்றவும் இல்லை.

அவருக்குக் கிடைத்தது ஒரு பேத்தை. விஷ மீன், தின்ன முடியாது. தரையில் போட்டதும் பந்து மாதிரி ஊதிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே கிடந்து செத்தது. தண்ணீரில் திருப்பி விட்டால் என்ன என்று கேட்டேன்.

"சும்மா இரு, தூண்டில் இழுக்குது."

இழுத்தது பாசி.

பக்கத்தில் பியதாச என்று ஒரு சிங்களக் கிழவர், அவருடைய சிநேகிதராம். ஃபிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி நீட்டினார். மூடியில் மீன் செதில். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நான் பிள்ளை பார்க்கிற தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல். தாய்மாரை வேலை செய்கிற மலையிலிருந்து கூப்பிட ஆள் அனுப்பினேன். கை கழுவச் சவர்க்காரம் தீர்ந்தது.

கொழும்புப் பக்கம் குண்டு வெடித்த பிறகு அவிசாவளை ரோட்டில் பொலிஸ் செக்கிங் கூடிவிட்டது. நேற்று மேல் லயத்துப் பையனை பஸ்ஸில் இருந்து இறக்கிவிட்டார்களாம், ஐடென்டிட்டி கார்ட் இருந்தும். அதை வைத்து இரவுச் சாப்பாட்டில் சண்டை.

"ஏங்க, இங்க ஆறு இல்லியா? இவ்வளவு தூரம் போகணுமா?"

"ஆத்து மீன் வேற, கடல் மீன் வேற."

"நீங்க தமிழன்னு மீனுக்குத் தெரியாது. பாலத்துக்குக் காவல் நிக்கிறவனுக்குத் தெரியும்."

சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பிறகு, "பெக்டரி ஒப்பீசுல கிழமை முழுக்க துரை கூப்பிடுறாரு, கங்காணி கூப்பிடுறாரு, 'கிளாக்கரையா கிளாக்கரையா'ன்னு சனம் கூப்பிடுது. அந்தப் பாலத்துல என்னைய யாரும் கூப்பிடுறதில்ல புள்ள."

நான் கூப்பிடுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறார். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன், சத்தமாக.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சொல்லச் சொல்லக் கேட்காமல்.

கடைசி பஸ் வந்தது. அவர் இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் பொலிஸிலிருந்து தோட்டத்து ஒப்பீசுக்கு போன். பாலத்தில் வைத்து அவரைப் பிடித்திருக்கிறார்கள். ஸ்டேஷனுக்குப் பெரிய கிளாக்கர் மஹத்தயா என்னோடு வந்தார், நல்ல மனிதர்.

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் பியதாச. நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகவில்லையாம், இடுப்பில் அதே ஈரச் சாரம். உள்ளே மேசையில் வீட்டுக்காரரின் பை. ஈயக் குண்டு, டோர்ச், கத்தி, தூண்டில் நரம்பு. தனித்தனியாகப் பரப்பி வைத்திருந்தார்கள், பார்த்தால் குண்டு செய்கிற சாமான் மாதிரி, எனக்கே பயம்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்: "உங்க ஊர்ல ஆறு இல்லையா? இவ்வளவு தூரம் ஏன் வர்றான்?"

நான் கேட்ட அதே கேள்வி. எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டால் அவர் கதி என்ன? அன்றைக்கு இரவு அவர் சொன்னதைத்தான் சிங்களத்தில் சொன்னேன்.

"அவருக்கு மீன் பிடிக்கத் தெரியாது சேர். பேத்தைதான் பிடிப்பாரு. கிழமை முழுக்க எல்லாரும் அவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம். இங்க யாரும் கூப்பிடுறதில்ல. சும்மா நிக்கத்தான் வர்றாரு."

ஒரு பொலிஸ்காரன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பியதாச வாசலில் இருந்தே, "உண்மை சேர், ஒரு நல்ல மீன் பிடிச்சு நான் கண்டதில்ல" என்றார்.

பின்னேரம் அவரை விட்டார்கள். இடது காது வீங்கி, சட்டைக் கொலரில் இரத்தம். தூண்டிலைத் திருப்பித் தரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

பியதாசவைக் கும்பிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

டிஸ்பென்சர் காதுக்கு மருந்து விட்டார். "பஸ்ஸில இடிச்சிக்கிட்டேன்" என்று இவர். அடித்தது யார் என்று என்னிடமும் சொல்லவில்லை.

நான் சொன்னது அத்தனையும் சரியாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. அந்தப் பாலமே வேண்டாம். அந்த இறால் நாற்றம், அந்த லொறிகள், அந்த மேசை. மீன் வாங்கவில்லை. பருப்பும் கீரையும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நல்ல வெயில். துணி காயப் போட்டேன்.

வழக்கம்போல இருட்டோடு எழும்பினார். முகம் கழுவி, சட்டை போட்டு, தலை வாரினார். கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க போறீங்க?"

"எங்கேயும் இல்ல."

சாப்பிட்டார். சட்டையைக் கழற்றவில்லை. மத்தியானமும் அங்கேயே, கையை மடியில் வைத்துக்கொண்டு.

'போய்ட்டு வாங்க' என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லமாட்டேன்.