மெமரியும் மீசையும்

ஜூன் 7, சனி

இன்றும் ட்ராம் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. விபத்தெல்லாம் இல்லை, திரைதான் உறைந்துவிட்டது. என் ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியதிலிருந்து இதே தொல்லை. கம்ப்யூட்டரில் ஊர் கட்டும் விளையாட்டுத்தான் என்று ஒற்றை வரியில் சொல்லிவிடலாம். ஆனால் பகலெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, இரண்டு வருடமாகத் தெருத்தெருவாக நான் போட்ட ஊர். "என்ன மேயரம்மா, உங்க ஊர்ல இன்னிக்கும் ஸ்ட்ரைக்கா?" என்று இவர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். கணவர் என்று ஒருவர் வாய்த்தால் இப்படித்தான்.

மத்தியானம் தம்பி வந்தான். இந்தப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தவன் அவன்தான், அதனால் பக்கத்து மூடியைக் கழற்றும் உரிமையும் அவனுக்கு மட்டும்தான். எனக்கு வழக்கமான உத்தியோகம், டார்ச் பிடிப்பது.

"நேராப் பிடிக்கா. கை ஆடுது பாரு."

ஆடவில்லை. நாள் முழுக்க ஊரார் நரம்பைத் தேடி ஊசி குத்துகிற கை இது. ஆடினால் எனக்கு அங்கே வேலையே இருக்காது.

மெமரி போதவில்லை என்றான். "இருக்கிற ரெண்டு மெமரிக் குச்சியோட இன்னும் ரெண்டு வாங்கிச் சொருகிடலாம். நானே வாங்கிட்டு வந்து போட்டுத் தர்றேன். நீ எதையும் தொடாத." அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதுதான் என்னைச் சீண்டியது. வாங்கினது என் சம்பளத்தில், உட்காருவது நான், தொடக்கூடாதாம்!

"வேண்டாம். புதுசா நானே தேர்ந்தெடுத்து, நானே போட்டு, அது மேல எழுதியிருக்கிற வேகத்தையும் தாண்டி ஓட்டுவேன். உன் மெஷினை விட வேகமா."

"ஓவர்க்ளாக்கா? நீயா?" டீ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தான். பிறகு மீசையைத் தடவிக்கொண்டே, "நீ மட்டும் அதைப் பண்ணிட்டேன்னா நான் இந்த மீசையையே எடுத்துடுறேன்" என்றான்.

"முடியலைன்னா நான் இனிமே ஸ்க்ரூட்ரைவரைத் தொடவே மாட்டேன். கடைசி வரைக்கும் டார்ச்சே பிடிக்கிறேன்."

இன்றிலிருந்து மூன்றாவது ஞாயிறு அவன் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

நுணலும் தன் வாயால் கெடும்.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் படித்தது. மெமரிக் குச்சியில் பெரிய எழுத்தில் ஒரு வேகம் போடுவார்கள்: 3200, 3600. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் சில எண்கள் இருக்கின்றன. கேட்டதை எடுத்துக் கொடுக்கக் குச்சி எத்தனை துடிப்பு தாமதிக்கும் என்பது அது. வேகம் கூடினால் நல்லது, தாமதம் குறைந்தால் நல்லது.

எங்கள் கவுண்டரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி கை படுவேகம், ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் பேனாவைத் தேடுவாள். இன்னொருத்தி நிதானம்தான், ஆனால் பேனா எப்போதும் காதில். எந்த வரிசை சீக்கிரம் நகரும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3600க்குத் தாமதம் 18 என்றால், 3200க்குத் தாமதம் 14 உள்ள குச்சிதான் முதல் பதிலை முந்திக் கொடுக்கிறது!

இன்னொன்றும் படித்தேன். 3200இல் அந்தச் சின்ன எண்கள் மூன்றும் 14, 14, 14 என்று ஒன்றுபோல இருந்தால் உள்ளே இருப்பது நல்ல சில்லு, அதைச் சொல்லிய வேகத்துக்கு மேலும் விரட்டலாம், புதியவர்களைப் படுத்தாது என்று கை சுட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். விலை கொஞ்சம் கூடுதல். பரவாயில்லை. பழைய இரண்டோடு புது இரண்டைக் கலக்கிற யோசனைக்கு இடமே இல்லை. வேறு வேறு ஆளின் ரத்தத்தை ஒரே குழாயில் ஊற்றி யாராவது சோதிப்பார்களா?

ஜூன் 12, வியாழன்

தம்பி ஒரு படம் அனுப்பினான். அவனிடம் இருப்பது போலவே வானவில் நிறத்தில் எரியும் குச்சிகள், தலையில் கொண்டை வேறு. "இதையே வாங்கு, 3600, கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

நான் கண்ணைத் திறந்துகொண்டு ஸ்கேலை எடுத்தேன். என் பெட்டியில் ப்ராசசரைக் குளிர்விக்கும் மின்விசிறி பெரிசு. மெமரி செருகும் இடத்துக்கு மேலே குடை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் மூன்றரை சென்டிமீட்டர்தான் இடைவெளி. கொண்டைக் குச்சியின் உயரம் நாலரை. அவனுடைய விசிறி சின்னது, அதனால் அவனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை அளந்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 14, சனி

வாங்கிவிட்டேன்!

"பையனுக்கா மேடம்?" என்றான் கடைக்காரன்.

"மேயருக்கு."

விழித்தான். வெளிச்சம் வேண்டாம், கொண்டை வேண்டாம், பதினாறு ஜிபி குச்சி இரண்டு, 3200, மூன்று பதினாலு என்று ஒப்பித்தேன். பையனா என்று கேட்ட முகம் மாறியது. உள்ளே போய்த் தூசி தட்டிக்கொண்டு எடுத்து வந்தான். "இதை யாரும் கேக்குறதில்ல மேடம். பார்க்க மொட்டையா இருக்குன்னு தள்ளிடுவாங்க." மொட்டைதான். கறுப்புத் தகடு, ஒரு ஸ்டிக்கர், அவ்வளவு. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் பழைய இரண்டையும் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். யாரும் டார்ச் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். இரண்டாவது பள்ளத்தில் ஒன்று, நான்காவதில் ஒன்று. அடுத்தடுத்துப் போடக்கூடாது. டக், டக். அந்தச் சத்தத்துக்கே கொடுத்த காசு சரி.

பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை. கறுப்பு. கறுப்பு. போச்சு, எல்லாம் போச்சு, அவன் சொன்னது சரிதான், நான் தொட்டிருக்கவே கூடாது, அந்த மீசை முன்னாடி எப்படி நிப்பேன்? பிளக்கைப் பிடுங்கப் போனேன். அப்போதுதான் படித்தது ஞாபகம் வந்தது: புதுக் குச்சியை மதர்போர்டுப் பலகை பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், பிடுங்காதே. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தது.

வந்ததும் அடுத்த அடி. அமைப்புத் திரையில் மெமரி வேகம் 2133 என்று இருக்கிறது. நான் வாங்கினது 3200. ஏமாத்திட்டானா? கடைக்குப் போன் போட்டுக் கத்திவிட்டேன். பாவம், அவன் பொறுமையாகச் சொன்னான். "அது அப்படித்தான் மேடம் வரும். உள்ள ப்ரொஃபைல்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணினாத்தான் எழுதியிருக்கிற வேகம் வரும். பாதிப் பேர் ஆன் பண்ணாமலே வருஷக்கணக்கா ஓட்டிட்டிருக்காங்க. நீங்களாச்சும் பார்த்தீங்க."

ஆன் செய்தேன். 3200. ட்ராம் பாலத்தைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரே ஓட்டம். கூப்பிட்டுக் காட்டினேன். "டிக்கெட் எடுத்தாங்களா எல்லாரும்?" என்றார் இவர்.

நியாயமாகப் பார்த்தால் ஊருக்கு இதுவே போதும். ஆனால் பந்தயம் அப்படியில்லையே.

ஜூன் 17, செவ்வாய்

ஆசை யாரை விட்டது? நேராக 3800 வைத்தேன். எத்தனை நேரம் காத்திருந்தும் கறுப்புத் திரை. பலகையிலிருக்கும் காசு அளவு பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, மறுபடி போட்டதும் பழைய நினைவெல்லாம் மறந்து சமர்த்தாக எழுந்தது. "இந்த வசதி எனக்கும் இருந்தா நல்லாயிருக்கும்" என்றார் இவர்.

ஜூன் 18, புதன்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பரிசோதனைக் கூடத்துக்கு வருகிற ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் நான் சொல்வது. நேற்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

இன்று 3600. மின்னழுத்தம் 1.35இலிருந்து 1.40, அது பாதுகாப்பான எல்லைக்குள்தான். தாமதம் 14ஆகவே விட்டேன். எழுந்தது! மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓட்டினேன். வரிசையாகச் சிவப்பில் பிழைகள். ஓடுகிறது என்பது வேறு, சரியாக ஓடுகிறது என்பது வேறு. தாமதத்தை மட்டும் 16ஆக்கினேன். நாளைக்கு நான் வேலைக்குப் போனதும் தனியாக ஓடட்டும்.

ஜூன் 19, வியாழன்

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாலும் வீட்டுத் திரைதான் தெரிகிறது. செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடினேன்.

பிழை: 0.

பூஜ்யம்! ஒன்றுகூட இல்லை! ஹாலில் தனியாக ஒரு சுற்று ஆடினேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் பார்த்துவிட்டாள். பார்க்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாக எழுத வேண்டும்.

பெட்டியைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். "குழந்தை தூங்கிடுச்சா?" என்று வழியெல்லாம் இவர் கேலி. தம்பி வீட்டில் மேஜையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். அவன் மீசையை நன்றாக முறுக்கி வைத்திருந்தான், வேண்டுமென்றேதான். இரண்டு பெட்டிக்கும் ஒரே பலகை, ஒரே ப்ராசசர். ஒரே கடையில் ஒரே நாளில் அவன் வாங்கியது. வித்தியாசம் மெமரி மட்டும்தான். தாமதத்தை அளக்கும் சோதனை, எண் குறைந்தவர் ஜெயித்தவர்.

என்னுடையது: 65.
அவனுடையது: 91.

"அண்ணி! ஐயோ அண்ணி!" என்று தம்பி மனைவி கைதட்டினாள். "ரேஸர் எங்கப்பா?" என்று இவர் எழுந்தே விட்டார். தம்பி, "பின்னாடி ஏதோ ஓடுது, அதான்" என்று முனகினான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கணக்கு உதைத்தது. இருபத்தாறா? அவனுடையதும் 3600தானே? இவ்வளவு இடைவெளி எப்படி வரும்? கதை பேசிக்கொண்டே நடந்து வந்த ஆளுக்குச் சர்க்கரை முப்பது என்று மெஷின் காட்டினால், நான் ஆளைச் சந்தேகப்பட மாட்டேன், குழாயைத்தான் சந்தேகப்படுவேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மெஷினை மறுபடி கிளப்பி, அமைப்புத் திரைக்குள் போனேன்.

2133.

சிரிப்பு அடக்க முடியவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னக்கா?" என்று குனிந்து பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை. வானவில் எரிகிறது, கொண்டை மின்னுகிறது, ப்ரொஃபைலை மட்டும் துரை ஆன் செய்யவேயில்லை!

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

அதோடு விட்டிருக்கலாம். ஜெயித்தாகிவிட்டது, அவனும் ஒத்துக்கொண்டிருப்பான். ஆனால் கையைக் கட்டிப்போட்டவனோடு ஓடி முந்துவது ஒரு ஜெயிப்பா? "இது செல்லாது. ஆன் பண்ணிட்டு மறுபடி ஓட்டணும்" என்றேன்.

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேயரம்மா, ஜெயிச்ச எலெக்ஷனை யாராவது திரும்ப நடத்துவாங்களா?"

நானே ஆன் செய்தேன். அவன் பெட்டி முதல்முறையாக 3600இல் எழுந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. தோற்றால் ஸ்க்ரூட்ரைவர் கிடையாது, என் பெட்டி என்னுடையது கிடையாது. பயமாக இருந்தது, நிஜமாகவே. சோதனையை ஓட்டினேன்.

அவனுடையது: 70.

"இன்னொரு தடவை" என்றான். ஓட்டினோம். எழுபதுதான். என்னுடையதை ஓட்டினோம். அறுபத்தைந்து. அந்த ஐந்து எண்ணும் நான் தேர்ந்தெடுத்தது, நான் அளந்தது, நான் காத்திருந்தது. மீதி இருபத்தொன்று அவன் தவறு. ஐந்து மட்டும்தான் என் வெற்றி, முழுக்க முழுக்க என் வெற்றி. சந்தோஷம், வெட்கமே இல்லாத சந்தோஷம்!

தம்பி முறுக்கிய மீசையை இரண்டு விரலால் மெதுவாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டான். வேண்டாம்டா, விளையாட்டுக்குச் சொன்னது என்றேன். "நான் சொன்னா சொன்னதுதான்" என்றான். அந்த வீறாப்பு எங்கள் குடும்பச் சொத்து.

ஜூன் 23, திங்கள்

தம்பி மனைவி போட்டோ அனுப்பியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இருந்த முகம், அப்படியே. பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

ஜூலை 6, ஞாயிறு

என் ஊரில் மக்கள்தொகை ஒன்றரை லட்சம். இரண்டாவது பாலம் திறந்தேன்.

பதினொரு மணிக்குத் தம்பி வந்தான், அவனுடைய பெட்டியைப் போர்வையில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு. மீசை பாதி முளைத்திருக்கிறது. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான். மொட்டைக் குச்சி இரண்டு, மூன்று பதினாலு.

"நீயே போட்டுடுக்கா. அப்படியே உன்னோட நம்பருக்கு வருதான்னும் பாரு."

"பார்க்கலாம். குச்சிக்குக் குச்சி மாறும். உறுதி சொல்ல முடியாது."

மூடியைக் கழற்றினேன். மழை மேகம், ஜன்னல் பக்கம் வெளிச்சம் போதவில்லை. உள்ளே ஒரே இருட்டு. நான் கேட்கவில்லை. அவனே அலமாரியைத் திறந்து டார்ச்சை எடுத்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்று அடித்தான்.

"நேராப் பிடிடா" என்றேன். "கை ஆடுது பாரு."

ஆடவில்லை. சும்மா சொன்னேன்.