ஏரிக்கு ஒரு நாள் நடை

மார்ச் 4, புதன்

கடைக்குச் சரக்கு வந்தது. இருமல் மருந்தில் இரண்டு பாட்டில் உடைந்து பெட்டி முழுக்கப் பிசுபிசுப்பு. துடைத்து முடிப்பதற்குள் கவுண்டரில் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் தம்பி மனைவி. சொந்தக்காரி என்று பக்கவாட்டில் வந்து நிற்காமல் வரிசையிலேயே வந்தாள். முறை வந்ததும் மருந்துச் சீட்டை நீட்டுவதுபோல ஒரு தாளை நீட்டினாள். மலையேற்றக் குழுவின் விண்ணப்பம்.

"ஜூன்ல போறாங்க அண்ணி. அதே ஏரி. நம்ம ரெண்டு பேர் பேரையும் எழுதிட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டேன். எத்தனை நாளைக்கு மாத்திரை வேண்டும் என்று கேட்கிற அதே முகத்தோடுதான் போட்டிருப்பேன்.

அந்த மலையில் தம்பி செத்து இந்த ஜூனோடு இரண்டு வருடம். இரண்டாவது முகாமில், தூக்கத்தில். ஏரிக்கு இன்னும் ஒரு நாள் நடை பாக்கி இருந்தது. 'இறந்து' என்றுதான் எழுத வந்தேன். 'செத்து' என்றே இருக்கட்டும். எழுதினால் உள்ளே ஏதாவது ஆகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 5

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மாடி ஏறவே நடுவுல ரெண்டு இடத்துல நின்னு பேட்டி குடுப்பே. நீ மலையா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வா" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

பயிற்சி. அவள் வேலை பார்க்கும் அலுவலகம் பதினொரு மாடி. ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்காது. முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு படியேறினோம். "லிஃப்ட் வேலை செய்யுதும்மா" என்று காவலாளி இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை நாங்கள் இறங்கி வந்தபோது, பாவம் என்பதுபோலப் பார்த்தார்.

ஆறாவது மாடிக்கு மேல் எனக்கு முழங்கால் இல்லை.

மார்ச் 29

"மருந்துப் பை உங்க பொறுப்பு அண்ணி. எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று குழுவின் குறிப்புத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: உயரத்தில் தலைவலியோடு வாந்தியும் வந்தால் அங்கேயே படுக்கக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும்.

எழுதிவிடுகிறேன்.

அவன் செத்த அன்று சாயங்காலம் நாலு பத்துக்குத் தம்பி இரண்டாவது முகாமிலிருந்து கூப்பிட்டான். வழிகாட்டியின் ஃபோன். மலையில் அது ஒன்றுதான் எடுக்குமாம், எல்லாரும் வாங்கிப் பேசுவார்களாம். "அக்கா, தலை பிளக்குது. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன்." கவுண்டரில் கூட்டம். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாருக்கோ மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். "தலைவலி மாத்திரை ரெண்டு போட்டுட்டுப் படுடா. காலைல சரியாப் போயிடும்." "சரிக்கா." ஒரு நிமிடம்கூட இல்லை.

நான் சொன்னபடியே படுத்திருக்கிறான்.

மருந்து படித்தவள் நான். வீட்டுக்குப் பேசினான் என்று வழிகாட்டி சொன்னதோடு சரி. யாரிடம், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. உடம்பு முடியாததை எவரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டான் என்று குழு சொன்னது. வீடும் நம்பியது. நான் பேசாமல் இருந்தேன். இருக்கிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

எட்டாவது மாடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது சொன்னாள். "அவருக்கு வாய் இல்லையா அண்ணி? ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தா இறக்கிக் கொண்டு வந்திருப்பாங்க. அவ்வளவு வீம்பு. என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சாரா? அந்த ஏரிகிட்ட போய் நின்னு நல்லாத் திட்டிட்டு வரணும்."

நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது கட்டித்தான் இருந்தது.

ஏப்ரல் 20

சொல்லிடணும். எப்படிச் சொல்றது? செத்தவன் தலையில பழியப் போட்டுட்டு நான் பாட்டுக்குப் படி ஏறிக்கிட்டு இருக்கேன்.

ஏப்ரல் 26

சொல்லவில்லை. பதினொரு மாடியும் நிற்காமல் ஏறினோம்.

மே 3, ஞாயிறு

சொன்னேன். ஏழாவது மாடித் திருப்பத்தில். மார்ச்சில் இங்கே எழுதியதை ஏறக்குறைய அப்படியே ஒப்பித்தேன். குரல் நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

"எத்தனை மாத்திரை போடச் சொன்னீங்க?"

"ரெண்டு."

தலையாட்டினாள், கணக்கு சரி என்பதுபோல. பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் காலடிச் சத்தம் கீழே போய் நிற்கும்வரை நின்றேன். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மீதி நாலு மாடியையும் ஏறினேன்.

மே 9

ஒரு பெரியவருக்கு மாத்திரை அளவை மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். "காது நல்லாத்தான் கேக்குதும்மா. ஒரு தடவ போதும்" என்றார். வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

மே 11

வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஒரே சட்டையைப் பிரித்துப் பிரித்து மடித்தார். "ரெண்டு வருஷம் இதை வெச்சுக்கிட்டா பக்கத்துல படுத்திருந்தே?" அவ்வளவுதான் கேட்டார்.

மே 21, வியாழன்

அவள் வந்தாள். மறுபடி வரிசையில். கடைக்குப் பின்னால் காலிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல அண்ணி. ரெண்டு வருஷமா அந்த மனுஷன் ஃபோட்டோவ நான் திருப்பி வெச்சிருக்கேன். தெரியுமா உங்களுக்கு? சுவத்தப் பாத்து."

தெரியும். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

"லிஸ்ட்ல உங்க பேரை எடுக்கச் சொல்லல. வாங்க. பேச மாட்டேன். ஆனா வாங்க."

"சரி" என்றேன். தம்பி சொன்ன மாதிரியே வந்தது அந்தச் சொல்.

ஜூன் 9, செவ்வாய். முதல் முகாம்.

மொத்தம் பதினாலு பேர். அவள் முன்னால், நான் கடைசிக்கு முந்தின ஆள். வழிகாட்டி எல்லாரிடமும், "தலை எப்படி? வயிறு எப்படி?" என்று விசாரித்துக்கொண்டே வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இவர் இல்லையாம். விரல் விறைத்துவிட்டது, எழுத்து ஓடவில்லை.

ஜூன் 10. இரண்டாவது முகாம்.

சாதாரண இடம். புல், கற்கள், நாலைந்து கூடாரம். அவன் கூடாரம் நின்ற இடம் எது என்று யாருக்குத் தெரியும்? தேடவில்லை. வெயில் இறங்குவதற்குள் பாத்திரம் கழுவ ஓடைக்குப் போனேன். பின்னாலேயே வந்து நின்றாள். மூன்று வாரத்தில் முதல் பேச்சு.

"அன்னிக்கு ஃபோன்ல என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

இதை மாடிப்படியில் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை.

"சொன்னான். 'அவகிட்ட சொல்லாதக்கா, பயந்துடுவா'ன்னான்."

ஓடையோரம் என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"சொல்லாதன்னாரு. நீங்களும் நல்லாத்தான் காப்பாத்தினீங்க" என்றாள். என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கினாள். ஏற்கெனவே கழுவின அதை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது. தொடவில்லை நான். தொடலாமா என்று தெரியவில்லை.

ஜூன் 11, வியாழன். ஏரி.

பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தோம். நினைத்ததைவிடச் சின்னது. பாதி இன்னும் பனி. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் கரையில் ரொம்ப நேரம் நின்றாள். திட்டினாளா, தெரியாது. உதடு அசைந்தது.

நான் கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். நேராக என்னிடம் வந்தாள்.

"தள்ளி உக்காருங்க."

எழுந்து அடுத்த பாறைக்குப் போகப் பார்த்தேன்.

"அங்க இல்ல அண்ணி. எனக்கு இடம் விட்டு."

நகர்ந்தேன். உட்கார்ந்தாள். காற்று அவள் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் என்மேல் படவில்லை.