ஒரே படகு என்றார்கள்

இன்று காலை ஆயர் ஈத்தாமில் கம்பெனி பஸ் ஏறியதும் யாரோ தைலப் புட்டியைத் திறந்தார்கள். உன் வாசனை. சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, என் கழுத்துக்கு இன்னும் அது தெரியவில்லை.

பத்து காவான் ஃபேக்டரிக்குப் போய்ச் சேரும்வரை இருவரும் போனைப் பார்த்து இங்கிலீஷ் மரபுத்தொடர் படிப்போமே. லைன் லீடர் இன்டர்வியூவுக்காக ஆரம்பித்தது. நான் மனப்பாடம் செய்வேன், நீ போலீஸ்காரி மாதிரி விசாரிப்பாய். 'டைட்டன் அவர் பெல்ட்ஸ்' என்றால் பெல்ட்டை இறுக்குவது, அதாவது எல்லாரும் செலவைக் குறைப்பது என்று வாசித்தால், "யாரு இடுப்புலா? அத மொதல்ல சொல்லு" என்பாய். 'கீப் யூ இன் த லூப்' என்றால் விஷயத்தை அவ்வப்போது நமக்குத் தெரிவிப்பது. அதற்கும் உன்னிடம் வேறு அர்த்தம் இருந்தது. "சொல்றவன் சொல்லிட்டுப் போவான்டி. இப்படிப் பேசுனா சொல்லமாட்டான்னு அர்த்தம்." யாரையும் நம்பாத ஜென்மம் என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

பாஸ் இங்கிலீஷில் பேசி முடித்தால் புரியாவிட்டாலும் கை தட்டுவது நம் லைன் வழக்கம். அர்த்தம் கேட்டால் மானம் போய்விடுமே. நீ மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய்.

இன்று கூட்டத்துக்கு முன்பே ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தார்கள். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. சும்மா சோறு போடுகிற ஆட்களா இவர்கள்? புது மேனேஜர் சிரித்த முகமாக வந்தார். இனி ஓவர்டைம் கிடையாதாம். "வீ ஆர் ஆல் இன் த சேம் போட்" என்றார். எல்லாரும் ஒரே படகில், எல்லாருக்கும் ஒரே கஷ்டம். ஓவர்டைம் இல்லாமல் என் மகளை எப்படிப் படிக்க வைப்பேன்? சுற்றிலும் கை தட்டினார்கள். என் கையும் பழக்கத்தில் எழுந்து, பாதியில் நின்றது.

"பாஸ், யுவர் சாலரி ஆல்சோ கட், ஆ?" கேட்டது நான்தான், நம்புவாயா!

கைதட்டல் நின்றது. அவர் சிரிப்பு மாறாமல், "ஐ வில் கீப் யூ இன் த லூப்" என்றார்.

பக்கத்தில் நின்ற புதுப் பெண் என் காதருகே வந்து, "என்னக்கா அர்த்தம்?" என்றாள்.

"சொல்லமாட்டாருன்னு அர்த்தம்லா" என்றேன். சொன்னதுமே உன்னை நினைத்து அழுகை முட்டியது. எல்லார் முன்னாலும் அழக்கூடாது என்று கையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அவளும் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.