நிலத்தை வென்றவர்

கராசாய்,
11 மே 2003

என் லீதாவுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே? பொல்தாவாவில் இந்நேரம் செர்ரி பூத்துக் கொட்டியிருக்கும். நீ எழுதிப் பல மாதமாகிறது. கோபமில்லை, சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு சங்கடமான செய்தி. இந்த முறை பனி உருகி ஓடை பெருக்கெடுத்ததில் கல்லறைத் தோட்டத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. உன் அப்பாவின் கல் சாய்ந்து, எழுத்துப் பலகை இரண்டாக உடைந்துபோனது. மண் கரையவில்லை, பயப்படாதே. புதுப் பலகை வெட்டித்தர ஆள் இருக்கிறார். பெயரும் தேதிகளும் எனக்குத் தெரியும். அதற்குக் கீழே ‘கன்னி நிலத்தை வென்றவர்’ என்று இருந்ததே, அதையும் போடட்டுமா?

என் தம்பி அமான்தாய் கூடாது என்கிறான். “யாரைக்கா ஜெயிச்சாரு? நம்ம அப்பாவையா?” என்று கடைவீதியில் நின்று கத்துகிறான். அவனை விடு. முடிவு உன்னுடையது.

உன் ரைகான்

*

பொல்தாவா,
2 ஜூன் 2003

ரைகான்,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டவில்லை.

அமான்தாயிடம் சொல். யாரும் உழாத கன்னி நிலத்தை உழ வாருங்கள் என்று அரசாங்கம் அழைத்தபோது, பத்தொன்பது வயதில் பொல்தாவாவிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு ரயிலில் அங்கே வந்து இறங்கியவர் என் அப்பா பனாஸ். முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார். பனிப்புயலில் இரண்டு கால்விரல்களை இழந்தார். அதற்கெல்லாம் ஈடாக அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான். அதையும் பிடுங்க வேண்டுமா?

உன் அப்பா துய்சென் மாமாவே அவரை அப்படித்தானே கூப்பிடுவார்! நாம் இரண்டு பேரும் அடுப்படியில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டியைச் சூடாகத் திருடி, வாய் வெந்து குதித்துக்கொண்டிருப்போம். வெளியே என் அப்பாவின் டிராக்டர் சத்தம் கேட்கும். உடனே துய்சென் மாமாவின் குரல்: “வாப்பா, ஜெயிச்சவனே, உக்காரு!” அப்போது எனக்கு வரும் பெருமை உனக்குத் தெரியாது. நானும் அம்மாவும் கராசாயை விட்டு இங்கே வந்து பத்து வருடமாகிறது. அந்தக் குரல் மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

அப்படியே வெட்டச் சொல். ஓர் எழுத்தும் மாற வேண்டாம்.

லீதியா

*

கராசாய்,
29 ஜூன் 2003

என் லீதாவுக்கு,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். புரிந்துகொண்டேன்.

நீ சொன்னபடியே வெட்டச் சொல்கிறேன். ஆனால் என் அப்பாவைச் சாட்சிக்கு அழைத்துவிட்டாய். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் அப்பாவுக்குப் பதக்கம் கொடுத்த நாளில் பண்ணையின் மன்றக் கூடத்தில் பேச்சு முழுவதும் ரஷ்ய மொழியில் நடந்தது. என் அப்பாவுக்கு அது தெரியாது. பள்ளிக்கூடம் போகிறவள் என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லச் சொன்னார். ‘வென்றவர்’ என்ற அந்தச் சொல்லை எங்கள் மொழியில் சொல்லப்போனால் ‘மிதித்து ஏறியவன்’ என்றுதான் வருகிறது. அதையே சொன்னேன். அப்பா மெதுவாக, “நெலம் எப்பம்மா சண்டைக்குப் போச்சு?” என்றார்.

உன் அப்பா முதன்முதலில் உழுத மேட்டில்தான் குளிர்காலத்தில் மந்தையோடு வந்து தங்கும் எங்கள் வீடு இருந்தது. அதன் பின்னால் ஒரு சின்னக் கற்குவியலும் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன என் அண்ணன் அதன் கீழே இருந்தான். பனாஸ் மாமாவுக்கு அது தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்கள், அதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது, அதன்மேலேயே உழுதுவிட்டார்.

அப்பா யாரிடமும் முறையிடவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். வருடங்கள் போகப் போக அது தேய்ந்து செல்லப் பெயராகவே ஆகிவிட்டது. உன் அப்பாவின் சவப்பெட்டிக்கு என் அப்பா தோள் கொடுத்ததை நீயும் பார்த்தாய். ஆனால் தொடக்கத்தில் அது செல்லப் பெயர் இல்லை, லீதா.

ரைகான்

*

பொல்தாவா,
14 நவம்பர் 2003

அன்பு ரைகான்,

கோடை முழுவதும் உன்மேல் கோபமாக இருந்தேன். பலகை வெட்டியாகிவிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை.

போன மாதம் எங்கள் நூற்பாலை கைமாறியது. புது முதலாளி தலைநகரத்திலிருந்து வந்தார். இளைஞர். எங்களைக் கூடத்தில் நிற்கவைத்துவிட்டு, தன்னோடு வந்தவர்களைப் பார்த்து, “ஆலையைப் பிடிச்சாச்சு! இனி இந்த வட்டாரமே நம்ம கையில!” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை கூசியது. அவர் கெட்டவர் இல்லை, எங்களுக்கெல்லாம் கேக் வாங்கி வந்திருந்தார். பிடிபட்டது நாங்கள்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து, அந்தக் கற்குவியலைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு, “தெரியும்டி. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கு அவரு சாப்பிடவே இல்ல. அந்த மூலையில மறுபடி கலப்பைய எறக்கவும் இல்ல. புள்ளைகிட்ட சொல்லாதேன்னாரு,” என்றாள்.

என் வயது நாற்பத்தைந்து, ரைகான். இன்னும் நான் அவருக்குப் புள்ளைதான்.

பெயருக்குக் கீழே ‘இங்கே உழுதார்’ என்று மட்டும் போடு. அது பொய்யும் இல்லை, பெருமையும் இல்லை. ஏற்கெனவே வெட்டியாகிவிட்டால், பக்கத்தில் நின்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்.

உன் லீதா

*

கராசாய்,
8 ஏப்ரல் 2004

என் லீதாக்கண்ணுக்கு,

நான் வெட்டச் சொல்லவே இல்லை. உன்னிடமிருந்து பதில் வரட்டும் என்று ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தேன். பனி விலகி, நேற்றுத்தான் புதுப் பலகையை நட்டோம். அமான்தாய் எழுத்தைக் குனிந்து படித்தான். “உழுதாரு. அது நெசம்தான்,” என்றான். பிறகு சுற்றிலும் மண்ணைப் போட்டுக் காலால் அழுத்தினான்.

அரசுப் பண்ணை கலைந்த பிறகு நம் மேடெல்லாம் திரும்பவும் கசப்பு வாசமுள்ள மாசிப்பச்சை மண்டிவிட்டது. காற்றடித்தால் பழைய வாசம் வீடுவரை வருகிறது. நீ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை நோக்கி ஓடுவாய். இந்த வருடம் அமான்தாய் அதில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான், கோதுமை போடப்போகிறானாம். அண்ணன் இருக்கும் மூலையில் கலப்பை படாதபடி சுற்றி முளை அடித்துவிட்டான்.

அவன் கூச்சப்பட்டுக்கொண்டு என்னிடம் கேட்கச் சொன்னான்: “லீதாக்காகிட்ட கேளேன், உப்புமண் பக்கம் அவங்கப்பா எவ்வளவு ஆழமா உழுவாரு? நான் உழுது பாத்த எடத்துல உப்பு மேல வந்துடுச்சு.” உன் அம்மா அந்த டிராக்டர் அணிக்குச் சமைத்தவர். அவருக்கு நினைவிருக்கலாம்.

நிலம் காயத் தொடங்கிவிட்டது, கடிதம் வரும்வரை அவன் பொறுக்க மாட்டான். தொலைபேசியில் கூப்பிடு. தபால் நிலையத்துக்குக் கூப்பிட்டால் போதும், ஓடிவந்து சொல்வார்கள்.

உன் ரைகான்