மே மாதத்தில் பிறந்த ஏழு பேர்

நவம்பர் 10, திங்கள்

மூடுபனி. எட்டரை மணிக்கும் எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கியிருக்கிறதாம், பஸ்ஸை இருபது நிமிடம் நிறுத்திவைத்து எடுத்தார்கள். உள்ளே பாதிப் பேர் ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஒருவர் கன்னடத்திலும் ஒருவர் தெலுங்கிலும் யானையைத் திட்டினார்கள். யானை என்று சொன்னால் சூப்பர்வைசர் நம்பமாட்டான், போட்டோ எடுத்து வை என்று ஒரு பெண் பக்கத்துச் சீட்டுக்காரியிடம்.

வருகை 41. வராதவர்கள் 11, எல்லாம் காட்டோரத் தெரு. வருகை ஏற்றும் எமிஸ் செயலியில் யானைக்கு என்று காரணம் கிடையாது. உடல்நலக் குறைவு என்று போட்டேன். பதினோரு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல்.

காலை உணவு ரவை உப்புமா. சாம்பாரில் உப்பு இல்லை.

செய்ய வேண்டியவை:
– முட்டைப் பதிவேடு
– பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள்
– சத்துணவு அரிசியில் வண்டு, போன் செய்ய
– வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் படிவம் (அதே படிவம், மூன்றாவது தடவை)

மதியம் முனிராஜ் வந்தார். ரூபாவின் அப்பா. கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை, அரை ஏக்கர் ராகி. ரூபா நம் பள்ளியில் ஒன்றிலிருந்து எட்டு வரை படித்தவள். இப்போது கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம், ஹாஸ்டல். தீபாவளிக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பவில்லை. கல்யாணமாம். 30ஆம் தேதி ஞாயிறு, பெருமாள் கோயில். மாப்பிள்ளை சிப்காட்டில் பர்மனென்ட், வயது இருபத்தொன்பது.

கோயிலில் வயதுச் சான்று கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் சீட்டைக் காணவில்லை, வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடியும் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு சான்று எழுதிக் கொடுத்தால் போதுமாம்.

"நீங்க எழுதுனதுதானுங்க டீச்சர். பதினெட்டு முடிஞ்சிருச்சில்லீங்க?"

சர்வர் வேலை செய்யவில்லை, அடுத்த திங்கள் வாருங்கள் என்றேன். சேர்க்கைப் பதிவேடு கையால் எழுதிய பழைய பைண்டிங் நோட்டு. அதற்கும் சர்வருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சர்வர் என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

குளிர். ஸ்வெட்டரோடு பாடம்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பதிமூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன். ஒரே பக்கத்தில் ஏழு பெயர், ஏழும் என் கையெழுத்து, ஒரே நீலப் பேனா. பிறந்த தேதி: மே 3, மே 9, மே 11, மே 14, மே 20, மே 22, மே 27. ரூபாவுக்கு 14.

அந்த வருடம் பள்ளியில் எண்ணிக்கை ஏழு குறைந்தது. குறைந்தால் ஒரு பணியிடம் போகும். பணியில் இளையவள் நான். என்னைத் தேன்கனிக்கோட்டைக்கும் அந்தப் பக்கம், பஸ் ஒரே வேளை வரும் ஊருக்குத் தூக்கிப் போட்டிருப்பார்கள். வீட்டில் மூன்றரை வயதில் மகள். அப்போதிருந்த தலைமை ஆசிரியர் (இப்போது அந்த நாற்காலியில் நான்) நல்ல மனுஷர், ஒரு வழியும் சொன்னார். அங்கன்வாடியிலிருந்து ஏழு பேரைக் கொண்டுவா, ஐந்து முடிந்ததாகப் போட்டுவிடு, மே மாசம் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்.

போட்டேன். அரை மணி நேர வேலை. வீட்டில் பிறந்த குழந்தைகள், பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இல்லை. அப்பா அம்மாவிடம் கைநாட்டு. பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று மகளுக்குப் பணியாரம் சுட்டது நினைவிருக்கிறது.

ஏழு பேரும் இப்போது:
– ரூபா
– வெங்கடேஷ்: பதினெட்டு என்று காட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான், அச்சு இயந்திரப் பிரிவு
– சுமதி: கல்யாணம் ஆகிவிட்டது, இந்த ஆவணியில்
– மற்ற நான்கு பேர்: தெரியாது. கேட்டதில்லை.

நவம்பர் 12, புதன்

காலை உணவு பொங்கல். நன்றாக இருந்தது. மூன்றாம் வகுப்பில் கழித்தல். கடன் வாங்குவது இன்னும் புரியவில்லை அவர்களுக்கு.

சுமதி கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எவர்சில்வர் குடம் கொடுத்தேன். காலில் விழுந்தாள், நன்றாயிரு என்றேன். அவளுக்குப் பதினாறு என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் அவள் அம்மா, நான். சாப்பாட்டில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கினேன். அன்று ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கும் தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி.

தாழ்ப்பாள் வாங்கியாகிவிட்டது. திருகாணி அளவு தப்பு.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மாறுவேடம். நேரு நால்வர், ஒரு பாரதமாதா, காக்கிச் சட்டையில் ஒரு வனத்துறை கார்டு. கார்டுக்குத்தான் கைதட்டல்.

ரூபா வந்தாள். நிகழ்ச்சி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எல்லாம் முடிந்ததும் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சு அவள் முட்டிக்கு எட்டவில்லை. மார்க் சீட்டு ஹாஸ்டல் பெட்டியில் இருக்கிறதாம், வேண்டுமென்றே கொண்டுவரவில்லை. தோழியின் போனிலிருந்து குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசியிருக்கிறாள். அழவில்லை. கணக்குப் படிக்கிற பெண், வரிசையாகச் சொன்னாள்.

"பதினெட்டு ஆகலேன்னாதான் ஆபீசருங்க வந்து நிறுத்துவாங்களாம் டீச்சர். ஆயிருச்சுன்னா வீட்டு சமாச்சாரம்னு போயிருவாங்களாம்."

பாரதமாதாவின் அட்டைக் கிரீடம் கீழே கிடந்தது, எடுத்து மேசையில் வைத்தேன்.

"நான் ராகி அறுப்புல பொறந்தேன்னு எங்கம்மா சொல்லுது. நீங்க மே மாசம்னு எழுதியிருக்கீங்க. மே மாசத்துல எங்கீங்க டீச்சர் ராகி?"

அம்மா வந்து சொல்வாரா என்றேன். அப்பா எதிரில் அம்மா வாயே திறக்காது என்றாள். வருகிற ராகி அறுப்புக்குத்தான் பதினேழு முடிகிறது. டிகிரி முடிக்கவேண்டும், பதினெட்டு ஆகிவிட்டால் வேண்டாம் என்று தானே சொல்லிக்கொள்வாள், அதுவரைக்கும் யாராவது தள்ளிப்போட்டுக் கொடுத்தால் போதும், அவ்வளவுதான் கேட்கிறாள்.

பார்க்கலாம் என்றேன். பந்து கேட்கிற பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்வேன். பந்து வாங்கி மூன்று வருடம் ஆகிறது.

போகும்போது பெஞ்சை நேராக இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை முதல் தேதி. பஸ்ஸில் கறுப்பு வேட்டிகள். தூறல்.

முனிராஜ் ஒன்பது மணிக்கே வாசலில். சட்டை இஸ்திரி போட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை, முதல் பத்திரிகை எனக்குத்தானாம். என்னால்தான் பிள்ளை இவ்வளவு தூரம் படித்ததாம். கம்பெனியில் கான்ட்ராக்ட் மாறுகிறது, புது ஆள் வந்தால் தன்னை வைத்துக்கொள்வானோ மாட்டானோ, அதற்குள் இவளுக்கு ஒரு இடம் அமைந்துவிட்டால் நிம்மதி என்றார். கெட்டவர் இல்லை. பயந்தவர். நானும் அதே வகைதான்.

படிப்பு முடியட்டுமே என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளை படிக்கவைப்பாராம்.

சான்று எழுதினேன். "பதிவேட்டில் உள்ளபடி" என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் போட்டால் நான் சொல்வது பொய்யாகாது. சீல் வைத்தேன். மை காய்ந்திருந்தது, இரண்டு தடவை அழுத்தவேண்டியிருந்தது.

வருகை 50. இன்று பாடம் நன்றாகவே எடுத்தேன். அதுதான் ஆச்சரியம்.

நவம்பர் 19, புதன்

சமூகநலத் துறையிலிருந்து ஊர்நல அலுவலர் போன் செய்தார். பெண்மணி, சின்ன வயதுக் குரல். புகார் வந்து முனிராஜ் வீட்டுக்குப் போனார்களாம், அவர் நான் கொடுத்த சான்றைக் காட்டினாராம்.

"உங்க சர்டிபிகேட்ல கிளியரா இருக்குது மேடம். வெள்ளிக்கிழமை பதிவேட்ட ஒரு தடவ பாத்துட்டு குளோஸ் பண்ணிடறோம்."

பெண் என்ன சொன்னாள் என்று கேட்டேன். என் சான்றையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டார். நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இருவருமே வேலைக்காக இங்கே வந்தவர்கள். வேலை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

"எழுதிக் குடுத்துட்டு வீட்ல வந்து உக்காரப் போறியா? இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் கெடக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. ரெக்கார்ட் நோட்டில் தவளை வரைந்துகொண்டிருந்தாள், வாலுள்ள தவளையா என்று கிண்டல் செய்தேன். ரூபா பிறந்த அதே வருடம், அதே ராகி அறுப்புக் காலம். இவளுடைய பிறப்புச் சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறேன். மூன்று நகல்.

நவம்பர் 20, வியாழன்

யானைகள் ராகிக் காட்டில் புகுந்துவிட்டன. வனத்துறை ஜீப், பட்டாசு. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நேரில் பார்த்தாளாம், சோறு தின்ன வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்களாம். முனிராஜ் காடு தப்பித்தது. இரண்டு காடு தள்ளிப் போயிருக்கிறது.

அலுவலக பீரோவின் கீழ்த்தட்டு. தேர்தல் சாமான், உடைந்த உலக உருண்டை, அதற்கு அடியில் பச்சை அட்டை நோட்டு. அங்கன்வாடி எடைப் பதிவேடு. பிறந்த தேதி, எடை, தாய் பெயர். அன்று ஏழு பேரைத் தேர்ந்தெடுக்க நான் வாங்கி வந்தது, திருப்பிக் கொடுக்கவே இல்லை. தொலைந்துவிட்டது என்று அங்கன்வாடியில் வேறு நோட்டுப் போட்டுக்கொண்டார்கள். நான் ஏன் கிழித்துப் போடவில்லை என்று தெரியவில்லை. அதற்கும் சோம்பல்தான் என்று நினைக்கிறேன்.

ரூபா, தாய் நாகம்மா, டிசம்பர் 6, இரண்டு கிலோ நூறு. ராகி அறுப்பு சரிதான். பள்ளியில் சேர்த்தபோது அவளுக்கு மூன்றரை.

ஒன்றாம் வகுப்பில் பதினொரு மணி ஆனால் தூங்கிவிடுவாள். மடியில் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்கு 'அ' எழுதிக் காட்டுவேன். கெட்டிக்காரி, தூங்கி எழுந்து எல்லோருக்கும் முன்னால் எழுதிவிடுவாள். என் திறமை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடைசி மணி அடித்த பிறகு வேனில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு வந்து, நோட்டை மறுபடி உருண்டைக்கு அடியில் வைத்தேன். பிறகு எடுத்து மேசை இழுப்பறையில். பிறகு கைப்பையில். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கனமே இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

பனி இல்லை. பளிச்சென்ற வெயில். கிச்சடி.

வருகை 46. வராதவர்கள் 6. எமிஸில் காரணம் கேட்டது. ஒன்றும் போடாமல் விட்டேன், சிவப்பாகவே நிற்கிறது.

பதினொன்றே காலுக்கு ஊர்நல அலுவலர் வந்தார். ஸ்கூட்டியில், சேலை ஓரம் எல்லாம் செம்மண். டீ வேண்டாம் என்றார், இன்னும் இரண்டு ஊர் இருக்கிறதாம். பதிவேட்டைத் திறந்து ரூபா பெயர்மேல் விரல் வைத்தார். மே 14. சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றார்.

பச்சை நோட்டைப் பக்கத்தில் வைத்து, பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பதிவேட்ல இத யாரு எழுதுனது மேடம்?"

"நான்தான்."

தெரிந்தேவா என்றார். தெரிந்தே என்றேன். திங்கட்கிழமை கொடுத்த சான்று? அதுவும் தெரிந்தே.

நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இது மேலே போகும், உங்களுக்கு மெமோ வரும், அதோடு நிற்குமா என்று சொல்லமுடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கல்யாணம் நிற்குமா என்று கேட்டேன். இந்த நோட்டும் நீங்கள் எழுதிக் கொடுப்பதும் இருந்தால் இன்றைக்கே போய் நிறுத்தலாம் என்றார்.

வெள்ளைத் தாள். எழுதினேன். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அரைப் பக்கம்தான் வந்தது. கீழே தேதி போடும் இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது, இன்று என்ன தேதி என்று அவரைக் கேட்டு எழுதினேன்.

தாளை பைலில் வைத்தார். எழுந்தவர் பதிவேட்டை மூடப்போனார், மூடவில்லை. விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. மே 20. மே 22. மே 27.

"எல்லாமே மேவா இருக்குதே மேடம். இந்தப் பொண்ணு ஒண்ணுதானுங்களா?"

பக்கத்து அறையில் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் தப்பாகப் போயிற்று, யாரும் திருத்தவில்லை, அப்படியே தொடர்ந்தார்கள்.

இன்னொரு தாள் கேட்டேன்.