தவக்காலத்தில் பூத்த நரிவெங்காயம்

மாமி, நேற்று நரிவெங்காயம் தோண்டிய கை இன்னும் அரித்துக் கடிக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும், தேங்காயெண்ணெய் பூசியும் அடங்கவில்லை. தோண்டியது உங்கள் புதைகுழியின் தலைமாட்டில். அதனால் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் கை உங்களுக்குப் புதிதல்ல. கடைசிக் காலத்தில் உங்கள் காலாணிக்கு இதே கிழங்கைச் சுட்டுக் கட்டிய கை. "மெதுவாக் கட்டு பிள்ள, நோகுது" என்பீர்கள். நான் இறுக்கித்தான் கட்டினேன்.

எங்கள் எத்தாளை ஊர் மணலில் மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும் பங்குனியில்தான் அது பூக்கும். இலை ஒன்றும் இருக்காது. வெறும் தண்டு, அதில் மங்கல் நிறத்தில் சின்னப் பூக்கள். பங்குனி என்றால் தவக்காலம். கோயில் பீடத்திலும் பூ வைப்பதில்லை. என் பிள்ளை ஞானஸ்நானம் பெறுமுன்னே செத்ததும் ஒரு தவக்காலத்தில்தான். சவக்காலை வேலியோரம் குழியை மணலால் மூடியதும், பக்கத்தில் நின்ற நரிவெங்காயத் தண்டை ஒடித்து மேலே வைத்தேன். நீங்கள் அதை எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்தீர்கள்.

"தவக்காலத்தில பூ வைக்கப்படாது. ஞானஸ்நானம் இல்லாததுக்குக் குருசும் வேணாம்."

உங்கள் மகன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். என் சட்டை பாலில் நனைந்திருந்தது. பிள்ளை என்றுகூட நீங்கள் சொல்லவில்லை, மாமி. அதை நான் மன்னிக்கவில்லை.

நேற்று நாங்கள் இருவரும் உங்கள் குழியைத் துப்புரவாக்கப் போனோம். "அம்மாட தலைமாட்டில தானாப் பூத்திருக்கு, பாத்தியா?" என்று அவர் கண்கலங்கினார்.

"தவக்காலம்" என்று சொல்லிவிட்டுக் குந்தினேன். அடுத்த வருசமும் முளைக்கக்கூடாதென்று கிழங்குவரை தோண்டி எடுத்தேன். அவர் அன்றைப்போலவே சும்மா நின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

பிறகு அந்தப் பூத்தண்டோடு வேலியோரம் போனேன். இந்தமுறை எடுத்தெறிய நீங்கள் இல்லை. ஆனால் வேலியை எப்போதோ மாற்றிக் கட்டிவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் ஒரே மணல். ஒரு குருசு நட்டிருந்தால் என் பிள்ளை எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருக்கும். அங்குமிங்கும் நடந்து பார்த்துவிட்டு, பூவை வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

அது இப்போது குசினி மேசையில் வாடிக் கிடக்கிறது. வைக்க எனக்கு ஓர் இடமில்லை. திரும்ப உங்களிடம் கொண்டுவந்து வைக்க மனமும் இல்லை, மாமி.