கேனரிகளை யாருக்கும் கொடுப்பதாக இல்லை

ரூசே,
மே 6

அன்பு மகள் நெவெனாவுக்கு அப்பா எழுதுவது,

நான் நலமாக இருக்கிறேன். நீ நம்ப மாட்டாய் என்பதால் இன்னொரு முறையும் எழுதுகிறேன், நலமாகத்தான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமா? கால்கரியில் இன்னும் பனி விடவில்லை என்று செய்தியில் காட்டினார்கள், காதை மூடாமல் வெளியே போகாதே. போன மாதம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. போனில் என்றால் நீ பேசுகிறாய், நான் சரி சரி என்கிறேன், கடைசியில் நீ நினைத்ததே முடிவாகிவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுவதையும் படி.

பிப்ரவரியில் குளியலறையில் விழுந்தேன், இடுப்பு எலும்பில் விரிசல், மூன்று வாரம் படுத்தேன், எழுந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் நீயும் என் அக்கா டோன்கா அத்தையும் போனிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டீர்கள். நான் ராஸ்கிராத்தில் அவள் வீட்டுப் பின்னறைக்குப் போவது, இந்த நாலாவது மாடி வீட்டைப் பூட்டுவது, கேனரிகளைச் சந்தையில் பறவை விற்கும் ஃபில்யோவிடம் கொடுத்துவிடுவது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஏதோ வண்டியில் ஏற்ற வேண்டிய அலமாரியைப் பற்றிப் பேசுவது போலப் பேசியிருக்கிறீர்கள். நீங்கள் நாள் குறித்த சமயத்தில் மினா நாலு முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அதை உன்னிடம் சொல்லத்தான் அன்று வாயெடுத்தேன், நீ விடவில்லை, வைத்துவிட்டேன்.

மினாவை நீ பார்த்ததில்லை, போன இலையுதிர் காலத்தில் வாங்கியவள், மஞ்சளில் பச்சை பூசினாற்போல இருப்பாள். ஆண் பறவை கேப்டனை உனக்குத் தெரியும். மினா தினம் காலையில் ஒரு முட்டை இட்டாள், வெளிர்நீலத்தில் ஒரு முனையில் மட்டும் பழுப்புப் புள்ளி. ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் வைத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்டிக் முட்டையை வைத்தேன், நாலும் சேர்ந்த பிறகு ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். இல்லையென்றால் முதலில் பொரிப்பது பெரிதாகிக் கடைசியில் பொரிப்பதை மிதித்துவிடும். அவள் கூட்டை விட்டு அசையவில்லை, கேப்டன்தான் அவள் வாயில் ஊட்டினான். அடை உட்கார்ந்த பதின்மூன்றாம் நாள் சனிக்கிழமை. அதே சனிக்கிழமைதான் ஃபில்யோவின் வண்டியில் அத்தை வந்து இறங்கினாள்.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் முன்னால் அக்கா, பின்னால் இரண்டு அட்டைப்பெட்டியோடு ஃபில்யோ. நான் கைத்தடியை நிலைக்குக் குறுக்கே வைத்தேன். "உள்ள விடுடா, மூச்சு வாங்குது" என்றாள். "நீ வா, அந்தாளு வேண்டாம், பெட்டியும் வேண்டாம்" என்றேன். ஃபில்யோ பாவம், பறவை தெரிந்தவன். "அடையில இருக்கா?" என்று கேட்டான். "இன்னைக்கு நாளைக்கு" என்றேன். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, இப்போ கூண்டத் தூக்குனா எல்லாம் போயிடும், நான் தூக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். அக்கா அவன் போன திசையைப் பார்த்து நன்றாகத் திட்டினாள். பிறகு என் தடியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து, சமையலறை நாற்காலியில் கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "உன்னையும் கூட்டிக்கிட்டுத்தான் கெளம்புவேன், அதுவரைக்கும் இங்கேயேதான்" என்றாள். சரி, இரு என்றேன்.

மறுநாள் விடியும்போது மூன்று பொரித்திருந்தன. நாலாவது வெறும் முட்டை, டார்ச் வைத்துப் பார்த்தேன், உள்ளே நரம்பே ஓடவில்லை. ஒவ்வொன்றும் அவரைக்கொட்டை அளவு, முதுகில் சாம்பல் நிறத்தில் நாலு முடி, கண் திறக்காத தலையைத் தூக்கிச் செக்கச்செவேலென்று வாயைப் பிளந்தன. மினா ஓட்டின் பாதியைத் தின்றுவிட்டாள். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன், எட்டிப் பார்த்து, "இதுக்கா என் பஸ்ஸ விட்டேன்?" என்றாள்.

ஐந்தாம் நாள் காலையில் கூண்டை மூடிய துணியை விலக்கினால் மினா கூண்டின் தரையில் கிடந்தாள். ஏன் என்று தெரியவில்லை, முந்தின மாலைகூட நன்றாகத் தின்றாள். குஞ்சுகளுக்கு உயிர் இருந்தது, ஆனால் உடம்பு ஜில்லென்று ஆகத் தொடங்கியிருந்தது. அக்கா பின்னால் வந்து நின்று, "முடிஞ்சுதுடா. தாயில்லாம அஞ்சு நாள் குஞ்சு பொழைக்காது. ஆண் பறவை பாடத்தான் லாயக்கு. விடு, கஷ்டப்படாம போகட்டும்" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் 'கஷ்டப்படாம போகட்டும்' என்ற சொல் இருக்கிறதே, பிப்ரவரியிலிருந்து என்னைப் பற்றியும் எல்லோரும் அந்தக் குரலில்தான் பேசுகிறீர்கள்.

சூட்டுக்கு விளக்கு வேண்டும். இப்போதுள்ள பல்புகள் சூடே ஆகாது, பழைய இழை பல்புகள் கீழே நிலவறையில் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஆகவே இறங்கினேன். ஆமாம், டாக்டர் படி ஏறக்கூடாது என்று சொன்ன காலோடு நாலு மாடி இறங்கினேன், நாலு மாடி ஏறினேன், உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். "விழுந்து தொலைச்சேன்னா நான் தூக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று அக்கா ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை சொல்லிக்கொண்டே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள். மேசை விளக்கில் பல்பை மாட்டிக் கூட்டுக்கு அருகே வைத்து மேலே துண்டு போட்டேன். வேகவைத்த மஞ்சள் கருவையும் ரொட்டித்தூளையும் வெந்நீரில் குழைத்து, தீக்குச்சியைச் சீவி அதன் நுனியில் எடுத்து ஊட்டினேன். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மணிக்கு ஒரு தடவை. கை நடுங்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். வாயில் போக வேண்டியது சில நேரம் கண்ணில் போனது.

இரண்டு நாள் ஓடியது. ஞாயிறு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். துண்டு நழுவிக் கீழே விழுந்திருக்கிறது, ஜன்னலும் திறந்திருந்தது. எழுந்தபோது மூன்றில் சின்னது விறைத்திருந்தது. அது என் தவறு. அத்தை சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். அவள் வாய்க்கு வந்தபடி ஏசுவாள் என்று காத்திருந்தேன், அவளோ அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனாள். அதுதான் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் ஃபில்யோவுக்குப் போன் செய்து மிச்சத்தை எடுத்துப் போகச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்தேன், செய்யவில்லை.

திங்கள் காலை தீக்குச்சியோடு வந்தால் கேப்டன் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு நாளாக மேல் கம்பில் உப்பிக்கொண்டு எதையும் பார்க்காமல் இருந்தவன். குஞ்சுகள் தலையைத் தூக்கிக் கத்தின. அவன் ஒரு முறை குனிந்தான், பின்வாங்கினான், தட்டுக்குப் பறந்து போனான், திரும்பி வந்து ஊட்டினான். மினாவுக்கு ஊட்டிய அதே மாதிரி. நான் அசையாமல் நின்றேன். தீக்குச்சி நுனியில் இருந்தது காய்ந்து போனது. அவன் கால் மணிக்கு ஒரு தடவை வந்தான், என்னைவிட நாலு மடங்கு. சூட்டுக்கு மட்டும் விளக்கு நான் பார்த்துக்கொண்டேன். அக்காவைக் கூப்பிட்டு, "பாடத்தான் லாயக்குன்னியே, வந்து பாரு" என்றேன். பார்த்தாள். "அதுக்கு வேற வேலையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை அக்கா முட்டைக்குச் சாயம் போட்டாள். அதிலிருந்து ஒன்றை நான் குஞ்சுகளுக்காக உடைத்துவிட்டேன், சிவப்புச் சாயம் ஏறியது, முதலில் சாயம் போட்ட முட்டையாம், சாமி படத்தின் பக்கத்தில் வருஷம் முழுக்க வைக்க வேண்டியதாம். அப்படி ஒரு சண்டை. அந்தச் சண்டையில்தான் சொன்னாள், "உனக்கு இதே வேலைடா, நெவெனாவக் கூட்டிட்டுப் போக நான் வந்தப்பவும் இப்படித்தான் கதவ மறிச்சுக்கிட்டு நின்ன" என்று. இந்த விஷயத்தை நான் உன்னிடம் சொன்னதில்லை. உன் அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, உனக்கு மூன்றரை வயது. ஆம்பளை தனியாகப் பெண்குழந்தையை வளர்க்க முடியாது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, ராஸ்கிராத்தில் உனக்குக் கட்டிலும் வாங்கிப் போட்டு, அத்தையை அனுப்பினார்கள். அப்போது நான் இழுவைப் படகில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன், மாதத்தில் பாதி நாள் ஆற்றில். கொடுக்க மாட்டேன் என்றேன். படகை விட்டுவிட்டுக் கரையில் பட்டறை வேலைக்குப் போனேன். உனக்கு ஆறு மாதம் தினம் அடிப்பிடித்த பால்தான் கிடைத்தது, தலைமுடியைச் சீவத் தெரியாமல் ஒட்ட வெட்டிவிட்டேன், அந்த வருஷத்துப் போட்டோவில் நீ பையன் மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம்.

அத்தை அத்தோடு விடவில்லை. "வளத்து என்ன கண்ட? கனடாவுல இருக்கா. எங்கிட்ட வளந்திருந்தா இன்னைக்கு ராஸ்கிராத்துல இருந்திருப்பா" என்றாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். பதில் மறுநாள் காலை காபி கலக்கும்போதுதான் வந்தது. "ராஸ்கிராத்துல இருந்திருப்பா, அதனாலதான் குடுக்கல" என்றேன். பாத்திரம் துடைக்கிற துணியை என் முகத்தில் எறிந்தாள். ஆனால் சிரித்துவிட்டாள், நான் பார்த்தேன்.

பதினெட்டாம் நாள் பெரியது கூட்டை விட்டுக் குதித்தது, மறுநாள் இன்னொன்று. இன்று இரண்டும் தானாகவே விதை கொறிக்கின்றன. ஒன்று முழு மஞ்சள், ஒன்று அம்மாவைப் போலப் பச்சை. அத்தை வரும் வியாழக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போகிறாள், தனியாக. குஞ்சு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எனக்கென்று ஒதுக்கிய பின்னறையில் உருளைக்கிழங்கு போட்டுக்கொள்ளட்டும்.

ஆகவே நெவெனா, நான் எங்கும் வருவதாக இல்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்துவிட்டேன், அது நீ சொன்ன யோசனை, நல்ல யோசனை, அதற்கு நன்றி. இனி என்னைப் பற்றி எதையாவது முடிவு செய்வதென்றால் என்னிடம் பேசு, அத்தையிடம் பேசாதே. கோபத்தில் எழுதவில்லை, திட்டுவதற்கு எனக்கு உன்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல், ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு நீண்ட காலம் இருங்கள். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. ஜூனில் லீவு கிடைத்தால் வா, உன் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். வந்தால் கதவைப் பலமாகத் தட்டு. மஞ்சள் குஞ்சு இப்போதே தொண்டையைக் கரகரத்துப் பாடிப் பார்க்கிறது, அப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஆரம்பித்தால் எனக்கு மணி அடித்தாலும் கேட்காது.

உன் அப்பா,
எவ்திம்